வழியனுப்பப் போனோம்: சித்திரையில் கோடியக்கரை

ஏப்ரல் 26, சனி – வேதாரண்யம்

வலசைப் பறவைகள் வருவதைப் பார்க்க ஊரே போகும். ஐப்பசி மழை விழுந்ததும் கோடியக்கரைக்கு வேன் வைத்துக் கிளம்புவோம். தையில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை முடிப்போம். மாசியோடு தொலைநோக்கியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். பதினோரு வருஷமாக என் பழக்கமும் இதுதான். அவை திரும்பிப் போகிற காலத்தில் ஒருமுறைகூட அங்கே போய் நின்றதில்லை. விருந்தாளியை வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, அவர் கிளம்பும்போது எழுந்துகூட வராத மாதிரி ஒரு குறை மனசில் கிடந்துகொண்டே இருந்தது.

இந்த வருஷம் கிளப்பிவிட்டது ஒரு படம். ஏப்ரல் நடுவில் எங்கள் பறவை நண்பர்களின் வாட்ஸ்அப்பில் ஒருவர் கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையின் கூட்டத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். வேதாரண்யம் பக்கத்து உப்பளம். கூட்டத்தின் ஓரத்தில் ஒன்றுக்கு மட்டும் அலகின் நுனி அகலமாகத் தெரிந்தது. படம் தெளிவில்லை, வெயில் நேரம், கானல் வேறு. ஆனாலும் அன்று ராத்திரி யாருமே சரியாகத் தூங்கியிருக்க மாட்டோம்.

காரணம், கரண்டிவாய் உள்ளான். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், எடை முப்பது கிராமை ஒட்டி. அலகின் நுனி மட்டும் சின்னக் கரண்டி போல விரிந்திருக்கும். முட்டையை விட்டு வெளியே வரும் குஞ்சுக்கே அந்தக் கரண்டி உண்டு. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில், சுக்கோட்கா பக்கத்துக் கடலோரத் துந்திராவில்தான் கூடு கட்டுகிறது. உலகம் முழுக்கத் தேடினாலும் இன்று சில நூறுதான் மிச்சம். வழியில் இளைப்பாறும், சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவே உள்ள மஞ்சள் கடல் சேற்றுநிலங்களைக் கரை கட்டி மேடாக்கிவிட்டார்கள், குளிர்காலத்துக்குப் போன இடத்தில் கண்ணி வைத்துப் பிடித்தார்கள். முன்பு கோடியக்கரையிலும் பதிவான பறவை அது. திரும்ப இங்கே வந்திருக்கிறது என்றால் சும்மா விட முடியுமா?

துணைக்கு என் அண்ணன் மகள் வந்தாள். கல்லூரி இரண்டாம் வருஷம், விலங்கியல். என்னைவிடக் கண் கூர்மை, பொறுமையும் அதிகம். குறிப்பேடு அவள் கையில், முக்காலியில் வைத்துப் பார்க்கும் பெரிய தொலைநோக்கியான ஸ்கோப் என் தோளில்.

அறை வாடகை ஒரு நாளைக்கு 900. வரவேற்பில் இருந்த பெரியவர் பதிவேட்டில் பெயர் எழுதும்போதே கேட்டார். “சீசன் முடிஞ்சுபோச்சேம்மா. இப்ப எதுக்கு வந்தீய?” போகிற பறவைகளைப் பார்க்க என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “அதுகளும் கிளம்புறப்ப ஒரு ஆள் பாக்கணும்ல” என்று சொல்லிவிட்டுச் சாவியை நீட்டினார். மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

சாயங்காலம் வாடகை ஸ்கூட்டரில் அகத்தியம்பள்ளி தாண்டி உப்பளச் சாலையில் போனோம். ஜனவரியில் இங்கே தண்ணீர் விரிந்து கிடக்கும், பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். இப்போது சதுப்பு முக்கால்வாசி காய்ந்துவிட்டது. வெடித்த சேறும், அதன் மேல் உப்புப் பூத்த வெள்ளையும், உமரிச் செடியின் செம்மையும்தான். பூநாரை தூரத்தில் முப்பது நாற்பது நின்றன. மிச்சமுள்ள தண்ணீர் உப்பளத்தின் முதல் தேக்கங்களில்தான், பறவைகளும் அங்கேதான்.

ஸ்கோப்பை வைத்து முதல் பறவையைப் பார்த்ததும் எனக்குப் பெயர் வரவில்லை. மார்பும் வயிறும் நல்ல செங்கல் நிறம், முதுகில் கறுப்பும் செம்மண்ணும் கலந்த செதில் வரி. அலகு கீழே மெல்ல வளைந்திருந்ததைக் கண்ட பிறகுதான் பிடிபட்டது. வளைமூக்கு உள்ளான்! பதினோரு வருஷமாகச் சாம்பல் சட்டையில் பார்த்த அதே பறவை. நூற்றுக்கணக்கில் எண்ணியிருக்கிறேன், ஆயிரக்கணக்கில்கூட. ஒருநாளும் அது இப்படி இருக்கும் என்று கண்ணால் அறிந்ததில்லை. படத்தில் பார்ப்பது வேறு. பக்கத்தில் நின்ற மணல் உப்புக்கொத்திகளுக்கும் மார்பில் செம்பட்டை ஏறி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை தீட்டியிருந்தது. அவை திபெத் பீடபூமிக்கும் லடாக்குக்கும் போகிறவை. வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் ஆர்க்டிக் கரைக்கு.

“அத்தை, எல்லாம் கல்யாணத்துக்குக் கிளம்புன மாதிரி இருக்கு” என்றாள் அவள்.

ஏப்ரல் 27, ஞாயிறு – அமாவாசை

கோடியக்கரைக் கடலை இந்தப் பக்கத்து மக்கள் ஆதிசேது என்பார்கள். அமாவாசைக்குக் குளிக்க வருவார்கள் என்று தெரிந்திருந்தும் நாள் பார்க்காமல் வந்துவிட்டோம். காலை ஐந்தரைக்கே கடற்கரையில் பேருந்து, டிராக்டர், குட்டியானை வண்டிகள். தர்ப்பையும் எள்ளும் வைத்துக்கொண்டு புரோகிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் துணியோடு பிள்ளைகளை அதட்டிக்கொண்டு பெண்கள். கரைப்பறவைகள் அந்தப் பக்கமே இல்லை. தூரத்து மணல் திட்டில் ஆலாக்கள் மட்டும், எல்லாமே காற்றுக்கு முகம் கொடுத்து, ஒரே திசையில்.

பறவை இல்லை என்று வருத்தப்பட மனசு வரவில்லை. ஒரு பாட்டி பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, கரையேறியதும் தூக்குவாளியைத் திறந்து எங்கள் கையிலும் எள்ளுருண்டை வைத்தார். யார், எந்த ஊர், என்ன சாதி என்று ஒரு கேள்வி இல்லை. “வெறும் வயித்துல வெயில்ல நிக்காதீய” என்று மட்டும் சொன்னார்.

கரையை ஒட்டி நடந்தால் மீனவர் குடிசைகள் இருந்த இடம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு இங்கே வந்து தங்கித் தொழில் செய்வார்கள். சீசன் முடிந்து போய்விட்டார்கள். நட்ட கம்புகளும் கிழிந்த கீற்றும் அடுப்புக் கல்லும்தான் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் வேறு. உள்ளூர்க்காரர் ஒருவர் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஊசியை நிறுத்தாமலே சொன்னார்.

“ஆளுவளும் குருவியும் ஒரே நேரத்துலதான் வருவாக, ஒரே நேரத்துலதான் போவாக. வாடைக்கு வந்து சோழகத்துக்குப் போறது. சோழகம் இன்னும் நல்லா எடுக்கல. எடுத்தா ரெண்டு நாளையில காலி.”

சோழகம் என்றால் தெற்கிலிருந்து வீசும் காற்று. வடக்கே போகும் பறவைக்குப் பின்னாலிருந்து தள்ளும் காற்று. வலசை பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் நாலு வார்த்தையில் முடித்துவிட்டார். குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மதியம் ஒரு வீட்டு மெஸ்ஸில் மடவைக் குழம்புச் சாப்பாடு, 130 ரூபாய். குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். இரண்டாம் தடவை சோறு வேண்டாம் என்றதற்குப் பரிமாறிய அம்மா முகம் வாடிவிட்டது, அதனால் வாங்கிக்கொண்டோம்.

சாயங்காலம் நடந்ததை எழுதாமல் விடக் கூடாது. தேக்கத்தின் கரையில் இருநூறு இருநூற்றைம்பது உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பெரிய கேமராவோடு ஒரு இளைஞர், கூட்டம் எழும்பிப் பறப்பதைப் படம் எடுக்க, கரையோரம் ஓடினார். எழும்பின, சுற்றின, இறங்கின. மறுபடி ஓடினார். மூன்றாவது முறை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பக்கத்தில் போய், “தம்பி, இதுங்க இந்த ஒரு மாசத்துல சாப்பிடுறதை வெச்சுத்தான் சைபீரியா வரைக்கும் போகணும்” என்று ஆரம்பித்தேன். வளைமூக்கு உள்ளான் சாதாரணமாக ஐம்பது அறுபது கிராம் இருக்கும். கிளம்பும் முன் கொழுப்பேற்றி ஒன்றரை மடங்கு ஆகும். ஒவ்வொரு தடவை வீணாக எழும்பும்போதும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் கரைகிறது. போன வருஷம், 2024 அக்டோபரில், அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் உலகச் செம்பட்டியலில் (IUCN) பதினாறு கரைப்பறவை இனங்களின் நிலை முன்னைவிட மோசம் என்று அறிவித்தார்கள். அந்தப் பதினாறில் இந்தப் பறவையும் இருக்கிறது.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேமராவை இறக்கிவிட்டு, “தெரியாதுக்கா, யாரும் சொல்லல” என்றார். அதன் பிறகு எங்களோடு கரையில் உட்கார்ந்துகொண்டார். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பறவைகள் தாமாகவே பக்கத்தில் வரும் என்று சொன்னோம். அரை மணியில் ஒரு கல்திருப்பி உள்ளான் அவர் செருப்புக்கு மூன்றடி வரை வந்து கட்டியைப் புரட்டியது. அப்போது அவருக்குக் கிடைத்த படம் மூன்று ஓட்டத்திலும் கிடைத்திருக்காது.

ஏப்ரல் 28, திங்கள் – உப்பளம்

நாலரை மணிக்கு உப்பளத்தில் இருந்தோம். நமக்குத்தான் அது அதிகாலை. அங்கே வேலை பாதி ஆகியிருந்தது. வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும் என்று மூன்று மணிக்கே வந்துவிடுகிறார்கள். நீளக் கம்பின் முனையில் பலகை கோத்து, பாத்தியில் படிந்த உப்பை வாரிக் கரைக்கு இழுக்கிறார்கள். இருட்டில் அந்த ‘சரக், சரக்’ சத்தமும், பக்கத்துத் தேக்கத்தில் நெடுங்கால் உள்ளான் கத்துவதும்தான் கேட்டன. பாத்தியில் நின்ற அக்காவின் குதிகாலைப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் அரித்து, வெடிப்பெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது. நான் பார்ப்பதைக் கவனித்தவர், “விளக்கெண்ணெய் போட்டுக்குவோம்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

முதல் தேக்கத்தில் உப்பு குறைவு, சின்னப் புழுவும் பூச்சியும் உண்டு, அதனால் உள்ளான்கள் அங்கே. தண்ணீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து கெட்டியாக ஆக, பறவை குறைந்துகொண்டே வரும். கடைசிப் பாத்தியில் உப்பும் மனிதரும் மட்டும்தான்.

வெளிச்சம் வந்ததும் கொசு உள்ளான்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினோம். சுமார் அறுநூறு. பங்குனி சித்திரையில் இவற்றுக்கும் தலையும் கழுத்தும் செம்பழுப்பாகிவிடும். நாங்கள் தேடிவந்த கரண்டிவாயனுக்கும் அதே நிறம்தான். ஆக நிறத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அலகை மட்டும்தான் பார்க்க வேண்டும். ஒரு வினாடிகூட நிற்காமல் ஓடி ஓடிக் கொத்தும் அறுநூறு அலகுகள்.

7.20க்கு அவள் என் கையைப் பிடித்தாள். பேசவில்லை. ஸ்கோப்பில் பார்த்தேன்.

தேக்கத்தின் வடகோடியில், மற்றவற்றிலிருந்து கொஞ்சம் விலகி, ஒன்று. அலகு கறுப்பு. நுனி அகலம். பக்கவாட்டில் திரும்பினால் தட்டை மாதிரி, நேரே திரும்பினால் உருண்டை மாதிரி. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் காதிலேயே கேட்டது. அவள் அலைபேசியை எடுத்துவிட்டாள். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் தளத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் அபூர்வப் பதிவு என்று சொல்லி விவரம் எழுதச் சொல்லும், படம் கேட்கும். அதற்கும் முன்னால் வாட்ஸ்அப்பில் போட்டால் மதியத்துக்குள் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வண்டிகள் கிளம்பிவிடும். இந்தச் சின்னக் கரையில் அறுபது பேர் வந்து நிற்பார்கள்.

“இன்னும் கொஞ்சம் பாப்போம், கண்ணு” என்றேன்.

பார்த்தோம். கரண்டிவாயன் மேயும் விதம் வேறு. ஆழமில்லாத தண்ணீரில் அலகைப் பக்கவாட்டில் ஆட்டித் துழாவும். இது தையல் மிஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் கொத்தியது. உடம்பு வடிவமும் பக்கத்துப் பறவைகளைப் போலவே. ஆனால் அலகு? அந்த அலகை எப்படி இல்லை என்பது? வெயில் ஏறிக்கொண்டே வந்தது, கானல் ஆரம்பித்தால் அப்புறம் ஒன்றும் தெரியாது. 7.58க்கு அது தண்ணீருக்குள் இரண்டடி இறங்கி, தலையை முக்கி உதறியது. மறுபடி முக்கியது. காலைத் தூக்கி அலகைச் சொறிந்தது. ஒரு சின்ன உருண்டை தெறித்து விழுந்தது.

அலகு இப்போது ஊசி போல நேராக இருந்தது.

“மண்ணு, அத்தை. மூக்குல மண்ணு” என்றாள். குரல் உடைந்திருந்தது.

களிமண் அலகு நுனியில் ஒட்டி இறுகினால் இப்படித் தெரியும். வாட்ஸ்அப்பில் பார்த்த படமும் இதேதான் என்று நினைக்கிறேன். அந்த நண்பர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. பார்த்ததைப் பகிர்ந்தார், இதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. நாங்கள் முப்பத்தெட்டு நிமிஷம் ஒரே பறவையைப் பார்த்து, அது என்ன என்று உறுதியாகத் தெரிந்துகொண்டோம். படமும் குறிப்பும் குழுவுக்கு அனுப்பினோம். கரண்டிவாயன் இல்லை, கொசு உள்ளான், அலகில் மண், கழுவிய பிறகு எடுத்த படம் கீழே. தவறான பதிவு ஒன்று பட்டியலில் ஏறிவிட்டால், அந்தப் பறவை இன்னும் இங்கே வருகிறது என்று யாரோ நம்புவார்கள். வராமல் போனது தெரிய வேண்டும். தெரிந்தால்தான் ஏன் என்று கேட்க முடியும்.

திரும்பும்போது குறுக்கு வழி என்று சதுப்பில் ஸ்கூட்டரை விட்டது என் தப்பு. மேலே காய்ந்த தோல் மாதிரி இருந்தது, கீழே நெய் மாதிரிக் களி. பின்சக்கரம் முழுதாக இறங்கிவிட்டது. இறங்கித் தள்ளினால் முழங்கால் வரை நாமும் உள்ளே. கால் மணி போராடிய பிறகு, உப்பு மூட்டை ஏற்ற வந்த இரண்டு பேர் பார்த்துவிட்டு, நடைக்குப் போடும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் பலகையைச் சொருகி, “நீங்க தள்ளாதீய, ஒதுங்கி நில்லுங்க” என்று ஒரே மூச்சில் வெளியே எடுத்தார்கள். பணம் கொடுத்ததற்குக் கையை உதறிவிட்டார்கள். ஒரு டீயாவது குடியுங்கள் என்று கெஞ்சி, அகத்தியம்பள்ளிக் கடையில் ஆளுக்கொரு டீயும் வடையும். அதற்கும் அவர்களில் ஒருவர் கடைக்காரரிடம் முன்னாலேயே கண்ணைக் காட்டியிருக்கிறார். நான் கொடுக்கப் போனால் கணக்குத் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர்.

சாயங்காலம் அதே தேக்கத்தில் காலில் கொடி கட்டிய வளைமூக்கு உள்ளான் ஒன்று. வலது காலில் மேலும் கீழுமாக இரண்டு கொடி, இடது காலில் உலோக வளையம். யாரோ எங்கேயோ இதைக் கையில் பிடித்து, எடை பார்த்து, அடையாளம் கட்டி விட்டிருக்கிறார்கள். கொடியில் சேறு அப்பியிருந்தது, நிறமே சரியாகத் தெரியவில்லை. இரண்டு எழுத்து மட்டும் படிக்க முடிந்தது. மூன்றாவதற்காக ஒரு மணி நேரம் கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தோம், அது திரும்பவே இல்லை. கோடியக்கரையில் பல காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு, படித்த இரண்டு எழுத்தையும் படங்களையும் அன்றிரவே அனுப்பிவைத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய் – காடு

காலையில் எழுந்ததும் அவளுக்குத் தலைவலி, வாந்தி. நேற்றைய வெயில்தான். கடற்கரை ஊர் வெயில் உறைக்காத மாதிரி உறைக்கும், காற்று வியர்வையைக் காய வைத்துக்கொண்டே இருப்பதால் தண்ணீர் குடிக்கத் தோன்றாது. வரவேற்புப் பெரியவர் வீட்டிலிருந்து நீர்மோரும் பழைய சோற்றுத் தண்ணீரும் வந்தன. மதியம் தெருவில் நுங்கு வந்தது, இருபது ரூபாய்க்கு மூன்று. ஆறு வாங்கித் தின்றுவிட்டு நாலு மணி வரை தூங்கினாள்.

கண் விழித்ததும் அவள்தான் காட்டுக்குப் போக வேண்டும் என்றாள்.

கோடியக்கரைக் காடு உயரமான காடு இல்லை. பாலை மரமும் முள்ளும் புதருமாக, வறண்டாலும் இலை உதிர்க்காத காடு. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது இந்த வட்டாரத்தில் மரங்கள் முறிந்து விழுந்த கோலத்தை மறக்க முடியாது. அடுத்த பொங்கலுக்கு வந்தபோது உள்ளே நடக்கவே வழி இல்லாமல் கிடந்தது. இப்போது முறிந்த பாலைகளின் அடியிலிருந்து புதுக்கிளைகள் நல்ல தடிமனாக ஏறியிருக்கின்றன. வெட்டவெளியில் வெளிமான்கள் மேய்ந்தன, கறுத்த கடா ஒன்று கொம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நடை போட்டது. மட்டக்குதிரைகள் நாலைந்து குட்டையோரம் நின்றன.

ஆறு மணியானதும் இருவரும் பேச்சை நிறுத்தினோம். 6.04க்கு, புதருக்குள்ளிருந்து, இரண்டு சுருதி விசில். ஒரு முறை. கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை. ஆறுமணிக் குருவி! காலையும் மாலையும் ஆறு மணிக்குக் குரல் கொடுக்கும் என்பதால் வந்த பெயர். பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, இத்தனை நிறம் இருந்தும் காய்ந்த சருகில் கண்ணுக்கே படாது. இதுவும் போகிற பறவைதான். மழைக்காலத்தில் மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டும். உருவத்தைப் பார்க்கக் கிடைக்கவில்லை. பாட்டாகவே பதிவு செய்தோம்.

வெளியே வரும்போது என் முகத்தில் காற்று பட்டது. கடலோசை பெரிதாகியிருந்தது. தெற்கேயிருந்து வந்த காற்று.

ஏப்ரல் 30, புதன் – சோழகம்

இன்றைக்கு உப்பு அள்ளிய நாள். 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து கிளம்பி நடந்து வந்தவர்கள், இதே அகத்தியம்பள்ளியில் ஏப்ரல் 30 அன்று உப்புச் சட்டத்தை மீறினார்கள். தொண்ணூற்றைந்து வருஷம். காலையில் நினைவுத் தூண் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம். முல்லைப் பூ முழம் இருபது ரூபாய், இந்த ஊர் முல்லைக்கு வாசனை தனி. அவள் தலையில் வைத்துவிட்டேன்.

ராத்திரி பேருந்து. அதுவரை நேரம் இருந்ததால் நாலு மணிக்கே தேக்கத்துக்குப் போய்விட்டோம். காற்று நன்றாக எடுத்துவிட்டது, தொப்பி நிற்கவில்லை. ஸ்கோப்பின் முக்காலியில் ஒரு காலை மடக்கித் தாழ்த்தி, அவளுடைய பையைக் கொக்கியில் கனத்துக்குத் தொங்கவிட்டேன்.

மேய்ச்சல் குறைந்திருந்ததை முதலில் கவனித்தது அவள்தான். முந்தின நாட்களில் ஒரு நிமிஷம் நிற்காத வளைமூக்கு உள்ளான்கள் இன்றைக்குக் கூட்டமாக நின்று குளித்தன, இறகு கோதின, சிறகை நீட்டி மடக்கின. எல்லாம் நல்ல கொழுப்பு. வயிறு காலுக்கு நடுவே தொங்கியது, நடை வாத்து நடை. நெடும்பயணம் போகும் கரைப்பறவைகள் சிலவற்றுக்குக் கிளம்பும் முன் இரைப்பையும் குடலும் சுருங்கிவிடுமாம், பறக்கும்போது தேவைப்படாத பாரம் என்பதால். அதைப் படித்தபோது பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது அவை சாப்பிடாமல் நிற்பதைப் பார்க்கும்போது தொண்டை அடைத்தது.

ஐந்தே காலுக்குச் சத்தம் தொடங்கியது. குளிர்காலத்தில் அவ்வப்போது ஒன்றிரண்டு ‘சிரிப், சிரிப்’ என்னும். இது அப்படியில்லை, கூட்டமே ஒன்றாகப் பேசியது. பத்துப் பதினைந்து எழும்பின, ஒரு சுற்று சுற்றி இறங்கின. மறுபடி முப்பது எழும்பி, உப்பு மேட்டுக்கு மேலே வரை போய், ஏனோ திரும்பி வந்தன. உப்பளத்து அக்காவும் வேலை முடிந்து தூக்குவாளியோடு எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். இத்தனை வருஷம் இங்கேயே வேலை பார்த்தும் கண்ணாடியில் பார்த்ததில்லை என்றார். ஸ்கோப்பைக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். “யம்மாடி, சேப்பால்ல இருக்கு!” என்றார். அப்புறம் ரொம்ப நேரம் தரவேயில்லை. எனக்கும் கேட்க மனமில்லை.

5.52க்கு எழும்பியவை இறங்கவில்லை.

முதலில் கொத்தாக, அப்புறம் இழுத்த நூல் மாதிரி. கத்திக்கொண்டே ஏறின. தேக்கத்துக்கு மேல் ஒரே ஒரு வட்டம் போட்டு, சதுப்பைக் கடந்து, இன்னும் மேலே. நூல் வளைந்து கோணல் அம்பாகியது. காற்று பின்னாலிருந்து. வேதாரண்யம் கோபுரத்துக்கும் மேலே, வடக்கே, நிலத்தின் பக்கம். ஸ்கோப் இல்லாத கண்ணுக்கு ஒரு நிமிஷத்தில் மறைந்துவிட்டன. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். 64. அடுத்த பத்து நிமிஷத்தில் இன்னொரு 41. அதற்கப்புறம் மணல் உப்புக்கொத்திகள் 23, சத்தம் அதிகமில்லாமல். அந்த அக்கா கையைத் தூக்கி, பேருந்தில் போகிறவர்களுக்கு ஆட்டுவது போல ஆட்டினார்.

குறிப்பேட்டில் இப்படி இருக்கிறது, அவள் கையெழுத்தில்: வளைமூக்கு உள்ளான், 105, வடக்கு நோக்கி, மாலை 5.52 – 6.03, தெற்குக் காற்று.

இருட்டும் வரை இருந்தோம். தண்ணீரில் இன்னும் ஒன்பது நின்றன. நிறம் மாறாத ஒன்பது, முழுச் சாம்பல். போன வருஷம் பொரித்த இளம் பறவைகள் முதல் கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுவது உண்டு. கூட்டம் எழும்பியபோது இவையும் தலையைத் தூக்கிப் பார்த்தன, கத்தவும் செய்தன. பிறகு பரந்து காலியாகக் கிடந்த சேற்றில் ஒன்றோடொன்று ஒட்டி நின்று மேய ஆரம்பித்தன. கடைசி வெளிச்சத்தில் ஒருமுறை எண்ணினேன். ஒன்பதும் இருந்தன.